ஏரி மீனவருக்கும் ஒரு காலைச் செய்தி

நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லாக் கதையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: நாளைக்கு எந்தப் பக்கம் போனால் பாடு கிடைக்கும்? காற்று எங்கிருந்து அடிக்கிறது, நீவாடு எப்படி ஓடுகிறது, நேற்று பக்கத்து ஊர்ப் படகுக்கு எத்தனை பாகம் ஆழத்தில் மீன் பட்டது என்று அவர் நாலு பேரிடம் விசாரிப்பார். இப்போது ஐந்தாவதாக ஒரு குரலும் அந்த விசாரணையில் சேர்ந்திருக்கிறது. அந்தக் குரல் வருவது கடலிலிருந்து குறைந்தது இருநூற்றைம்பது கிலோமீட்டர் உள்ளே, தக்காணப் பாறை மேட்டில் இருக்கும் ஹைதராபாத்திலிருந்து.

ஹைதராபாத்தின் வடமேற்குப் புறநகரான பிரகதி நகரில், இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருக்கிறது. சுருக்கமாக ‘இன்காயிஸ்’. 1999-ல் தொடங்கப்பட்டது. குஜராத்திலிருந்து வங்காளம் வரையும், அந்தமான், லட்சத்தீவு வரையும், மீன் கூடியிருக்க வாய்ப்புள்ள கடற்பகுதி எது என்று கணித்து, கரை வாரியாக, தமிழ் உள்ளிட்ட கடலோர மொழிகளில் அது அறிவிக்கிறது. இன்ன இறங்குதளத்திலிருந்து இன்ன திசை, இத்தனை பாகை, இத்தனை கிலோமீட்டர் தொலைவு, இத்தனை மீட்டர் ஆழம் என்று ஒரு பட்டியல். மீன்பிடித் தடைக்காலமும் கடல் கொந்தளிக்கும் நாட்களும் தவிர மற்ற நாட்களில் இது வெளியாகிறது. கடலே இல்லாத ஊரிலிருந்து கடலோரம் முழுவதற்கும் இப்படியொரு சேவை நடப்பது இந்திய அறிவியல் பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க காரியங்களில் ஒன்று. அதைச் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வர வேண்டும்.

இது நடக்கும் விதம் அழகானது. கடல் நீரில் மிதக்கும் நுண்பாசி பச்சையம் கொண்டது. அது பெருகிய இடத்தில் நீரின் நிறம் மாறும். 1999 மே மாதம் ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 தொடங்கி, 2009-ல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் ஓஷன்சாட்-3 என்று அடுத்தடுத்து வந்த இந்தியச் செயற்கைக்கோள்கள் அந்த நிறத்தை வானிலிருந்து அளந்து வருகின்றன. வேறு செயற்கைக்கோள்கள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தை அளக்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் முட்டிக்கொள்ளும் விளிம்பில் அடியிலிருந்து சத்து மேலே வரும். சத்தைத் தேடிப் பாசி, பாசியைத் தேடி நுண்ணுயிர், அதைத் தேடிச் சாளையும் நெத்திலியும், அவற்றைத் துரத்திக்கொண்டு சூரையும் சீலாவும் வரும். நிறமும் வெப்பமும் ஒருசேர மாறும் கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே மீன் இருக்கும் என்பதுதான் கணக்கு.

பழைய கடலோடி இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். தண்ணீர் கலங்கலா, தெளிவா, பச்சை ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அவரும் வலை இறக்கினார். வாடைக் காற்றுக்கு என்ன மீன், கச்சானுக்கு என்ன மீன், கொண்டல் எழும்பினால் கரைக்கடலில் எது வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குமரிக் கடற்கரையில், கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் மலைமுகட்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக் கடலடிப் பாரின் இடத்தைக் குறிக்கும் ‘கணியம்’ தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. சென்னை ஊரூர் குப்பத்தில் மூத்த மீனவர் ஒருவர் காற்று, நீரோட்டம், அலை, கரையின் நிலை, கிடைத்த மீன் என்று நாள்தோறும் குறித்து வைத்த பதிவுகளை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். செயற்கைக்கோளும் அவரும் படிப்பது ஒரே நீரின் நிறத்தைத்தான். ஒன்று எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து படிக்கிறது, மற்றவர் படகின் ஓரத்திலிருந்து.

அதனால்தான் இந்தச் சேவையின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்நீரில் கூட்டமாகத் திரியும் சாளை, அயிலை, சூரை போன்றவற்றுக்கு இந்தக் கணிப்பு நன்றாகப் பொருந்தும். அடிமண்ணில் கிடக்கும் இறாலும் நண்டும் எங்கே என்று அது சொல்லாது. மேகம் மூடினால் செயற்கைக்கோளின் கண்ணும் மூடிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகக் கடலுக்கு இது சிறிய தொல்லையில்லை. கோடு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்தால் விசைப்படகுக்காரர் போவார், கட்டுமரக்காரர் என்ன செய்வார்? மீட்டரில் சொன்ன ஆழத்தைப் பாகத்துக்கு மாற்றிக்கொள்வது சுலபம். டீசல் விலையை அப்படி மாற்றிக்கொள்ள வழியில்லை.

இன்னொன்று. மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவது வேறு, மீனைப் பெருக்குவது வேறு. கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் பிடிபட்ட நெய்ச்சாளை, 2021-ல் 3,297 டன்னாகச் சுருங்கிவிட்டது என்கின்றன மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குகள். கடலின் வெப்பநிலையும் மழையும் மாறியது ஒரு பக்கம், குஞ்சு குருமானென்று பார்க்காமல் வாரியது மறுபக்கம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பது, மீன் முட்டையிட்டுத் தேறுவதற்காகத்தான். கணிப்பு கூர்மையாகக் கூர்மையாக இந்தக் கட்டுப்பாடும் இறுக வேண்டும். அதைக் கணிப்பு மையத்தின் தலையில் கட்ட முடியாது. மாநில அரசுகள் செய்ய வேண்டியது.

பாடு குறைந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். உயிர் விஷயம் அப்படியில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டைக் கூப்பிட்டுச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அறிவு மையம் ஒன்றை வைத்திருந்தது. அலை உயரம், மீன் நிலவரம் எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. ஊர் காலியானது, ஆட்கள் பிழைத்தார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 2007 அக்டோபரில் இன்காயிஸ் வளாகத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. நல்லவாட்டில் வேலை செய்தது ஒரு தொலைபேசியும் ஒரு குழாய் ஒலிபெருக்கியும்தான். ஆனால் கடைசி வீடு வரை செய்தி போகும் பாதை அங்கே முன்பே போடப்பட்டிருந்தது.

பாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் காட்டியது. குமரி மாவட்டத் தூத்தூர் பகுதியிலிருந்து தங்குகடலுக்குப் போனவர்கள் கைபேசிக் கோபுரங்களின் எல்லையைக் கடந்து பல நாட்களாக ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் ஒலித்த எந்த எச்சரிக்கையும் அவர்களிடம் போகவில்லை. திரும்பாதவர்களின் படங்கள் இன்றும் அந்த ஊர் வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன. அதற்குப் பிறகு, 2019-ல், ககன் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கி மீனவரின் கைபேசிக்குத் தரும் ‘ஜெமினி’ கருவி வந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்குத் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. செலவு 364 கோடி ரூபாய். தாமதம்தான், ஆனாலும் பாதை போடப்படுகிறது.

இங்கே வரைக்கும் கடலின் கதை. இதை எழுதத் தூண்டியது ஏரியின் கதை.

பிரகதி நகரிலிருந்து வண்டியில் புறப்பட்டால் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் கண்டிகூடம் ஏரிக்குப் போய்விடலாம். அதே வடமேற்குப் பக்கம், சங்காரெட்டி மாவட்டம். 2017 அக்டோபரில், நல்ல மழைக்குப் பிறகு, அந்த ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது. கூட்டுறவுச் சங்கத்து மீனவர்கள் விட்டு வளர்த்த மீன். மேட்டுப் பகுதியிலுள்ள மருந்து ஆலைகளின் கழிவு மழைநீரோடு இறங்கியதே காரணம் என்று அவர்கள் முறையிட்டார்கள். தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்கு எப்போது தெரிந்தது? மீன் மல்லாந்தபோது. நாகப்பட்டினம் மீனவருக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள நீரின் வெப்பமும் நிறமும் முந்தைய நாளே தெரிகிறது. கண்டிகூடம் மீனவருக்குத் தன் காலடித் தண்ணீரின் நிலை தெரியவில்லை. முன்னவருக்குச் செய்தி அனுப்பும் அலுவலகம் பின்னவரின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கண்டிகூடத்தை அடுத்த படான்செரு வட்டாரத்தின் தண்ணீர் உலகம் அறிந்த ஒன்று. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவை வாங்கிச் சுத்திகரித்த அங்குள்ள பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2007-ல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் உச்ச அளவைவிட அதிகம். அந்த நீர் ஓடைகள் வழியாக மஞ்சீராவுக்கும், மஞ்சீரா வழியாகக் கோதாவரிக்கும் போனது. பக்கத்து ஏரிகளிலும் மருந்துகள் கலந்திருந்ததை அதே ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். இதெல்லாம் நடந்து ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. ஆனால் மழை பெய்த மறுநாள் ஏரியில் என்ன இருக்கிறது என்று கரையில் நிற்பவருக்குச் சொல்லும் ஏற்பாடு வரவில்லை.

ஆலைக் கழிவு இல்லாத ஏரியிலும் மீன் சாகும். அதற்குக் காரணம் எளிய இயற்பியல். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைதான். சாக்கடை விழும் ஏரியில் பாசி மண்டும். பகலில் அது ஆக்சிஜனைக் கொடுக்கும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். ஆகவே விடியற்காலையில்தான் நீரில் மூச்சு மிகக் குறைவு. இரண்டு நாள் மேகமூட்டம் போட்டு வெயில் முகமே தெரியாமல் போனால் பாசி பகலிலும் கொடுக்காது. கட்லாவும் ரோகுவும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும். வளர்ப்பவருக்கு அப்போது தெரிந்தால்கூட மோட்டார் போட்டுத் தண்ணீரை அடித்துக் கொஞ்சம் காப்பாற்றலாம், இல்லையென்றால் விற்கிற அளவு மீனை முந்திக்கொண்டு பிடித்துவிடலாம். ஒரு நாள் முன்னால் தெரிந்தால் இன்னும் நல்லது. இதைக் கணிக்கத் தேவையானவை நீரின் வெப்பம், கரைந்த ஆக்சிஜன், வானிலை. கடலுக்கு அளப்பதைவிடச் சுலபமான அளவுகள்.

ஹைதராபாத் ஏரிகளில் இன்று தூண்டிலில் என்ன படுகிறது என்று கேட்பவர்கள் அந்தப் பதிலைத் தண்ணீரின் சான்றாகவும் எடுத்துக்கொள்ளலாம். ரோகுவும் கட்லாவும் வாளையும் படுகிற நீர் இன்னும் பிழைத்திருக்கிறது. ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கத் தேளியும் மட்டுமே படுகிறதென்றால் அங்கே மற்றவை மூச்சு முட்டிப் போய்விட்டன என்று பொருள். தேளி நேரடியாகக் காற்றைக் குடித்து வாழும். அழுகல் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டில்லை. 2000-லேயே நாட்டில் தடை செய்யப்பட்ட அந்த மீன் தெலங்கானாவில் இன்னும் கள்ளத்தனமாக வளர்க்கப்பட்டு, பிடிபடும்போது புதைக்கப்படுகிறது. நம் விராலும் காற்றைக் குடிக்கும் மீன்தான். தலைக்குள் அதற்கென்று ஓர் அறை உண்டு. கோடையில் ஏரி வற்றி நாறும்போதும் சேற்றில் கிடந்து பிழைக்கும். மழை வந்ததும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனுமாகக் காவல் காத்துக் கூட்டிப் போகும். தெலுங்கில் கொர்ரமீனு. 2016-ல் தெலங்கானா அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

அந்த விராலுக்கு ஹைதராபாத்தில் ஒரு பெருநாள் உண்டு. ஜூன் 7, 8 தேதிகளையொட்டி வரும் மிருகசீரிடக் கார்த்தி. கோடை முடிந்து பருவமழை தொடங்கும் நாள். அன்று மீன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது தெலங்கானா வழக்கம். முஷீராபாத், ராம்நகர், பேகம் பஜார் மீன் சந்தைகளில் விடியும் முன்பே கூட்டம் முண்டியடிக்கும், விரால் விலை ஏறும். நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் பத்தினி குடும்பத்தார், மருந்துக் கலவை வைத்த உயிருள்ள விரால் குஞ்சை ஆஸ்துமாக்காரர்களின் தொண்டையில் இறக்குவதும் அன்றுதான். நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. மூச்சுத் திணறலோடு வருபவர்கள் இன்ஹேலரைக் கைவிடக் கூடாது என்பதை அங்கேயே பலகை வைத்துச் சொல்ல வேண்டும். அந்த நாளுக்கான குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்ப்பது மாநில மீன்வளத் துறை. ஒரு நாள் வரிசைக்கு இவ்வளவு கவனத்தோடு குஞ்சு தயார் செய்யும் துறை, மீதி நாட்களில் ஏரியிலுள்ள விராலின் தண்ணீரையும் அதே கவனத்தோடு பார்க்க முடியும்.

பணம் செலவழிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2015-ல் தொடங்கிய ‘மிஷன் காகதீயா’ 46,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்களைத் தூர்வார இலக்கு வைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து அரசே மீன் குஞ்சுகளை இலவசமாக வாங்கி ஏரிகளில் விடுகிறது. ரோகுவும் கட்லாவும் தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்காதவை. மீன்வள அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஊசி போட்டு அவற்றை முட்டையிட வைத்துக் காட்டியதால்தான் இன்று எந்த ஏரியிலும் குஞ்சு விட முடிகிறது. ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாக இருப்பது அதற்காகவே. முதிராஜ், கங்கபுத்ர, பெஸ்த சமூகத்தாரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இத்திட்டத்தால் வருமானம் கூடியது. மாநிலத்தின் மீன் உற்பத்தி ஆண்டுக்கு 4 லட்சம் டன்னைத் தாண்டியது. கோடிக்கணக்கில் செலவிட்டுக் குஞ்சு விட்ட பிறகு, அது மூச்சு விடுகிறதா என்று பார்க்க ஆள் போடாதது எப்படி நியாயமாகும்?

மூசி ஆற்றங்கரை நகரமான ஹைதராபாத்துக்கு நீரைக் கவனிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1908 செப்டம்பர் 28 வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த பிறகு, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைப்படி உஸ்மான் சாகர் 1920-லும் ஹிமாயத் சாகர் 1927-லும் கட்டி முடிக்கப்பட்டன. அன்றிலிருந்து அவற்றின் நீர்மட்டம் அடிக் கணக்கில் பதிவாகிறது. உஸ்மான் சாகர் 1,790 அடியை நெருங்கினால் செய்தித்தாளில் வரும், மதகு திறந்தால் கீழே மூசிக் கரைக்காரர்களுக்கு எச்சரிக்கை போகும். மதகடியில் துள்ளும் மீனைப் பிடிக்கப் பையன்கள் வலையும் கொசுவலையுமாக இறங்குவதும், போலீஸ் விரட்டுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆக, நீரின் அளவுக்குக் கண் இருக்கிறது. நீரின் குணத்துக்கு அது இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது என்பது உண்மை. அந்த எண்கள் அட்டவணையாகக் கோப்பில் கிடக்கின்றன. விடியற்காலை நாலு மணிக்குத் தெப்பத்தில் ஏறுகிறவருக்கு அட்டவணை எதற்கு?

கேட்பது பெரிதில்லை. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள, கூட்டுறவுச் சங்கம் மீன் வளர்க்கும் ஏரிகளில் முதலில் இருபதை எடுக்கலாம். கண்டிகூடம், ஷாமீர்பேட்டை, 2016-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அமீன்பூர் ஏரி போன்றவை. வெப்பத்தையும் கரைந்த ஆக்சிஜனையும் அளக்கும் மிதவை ஒவ்வொன்றிலும் வேண்டும். கடலில் மிதவை போட்டு அளவெடுத்துப் பழகிய இன்காயிஸ் தன் அனுபவத்தைக் கொடுக்கலாம். செயற்கைக்கோள் படம் வாங்கும் தேசியத் தொலையுணர்வு மையமும் ஹைதராபாத்தில்தான், பாலாநகரில் இருக்கிறது. மீன்வளத் துறை நடத்த வேண்டும். செய்தி ஆங்கிலத்தில் வேண்டாம், தெலுங்கில், தக்கனி உருதுவில், ஒலியாகப் போகட்டும்: நாளைக் காலை ஆக்சிஜன் குறையும், பெரிய மீனை இன்று மாலையே பிடித்துவிடுங்கள்; நேற்றைய மழையில் நீர் மாறியிருக்கிறது, இன்று பிடித்ததை விற்க வேண்டாம். இரண்டாவது செய்தி மீனவரைவிட, ராம்நகர் சந்தையில் மீன் வாங்கும் வீடுகளுக்கு இன்னும் முக்கியம்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். செம்பரம்பாக்கம், புழல், வீராணம், மேட்டூர் என்று நீர்மட்டத்தையும் கன அடியையும் நாள் தவறாமல் படிக்கிறோம். மேட்டூர் அணையில் பரிசலில் போய் வலை போடுகிறவர்களும், வீராணத்தில் விரால் பிடித்து லால்பேட்டைப் பக்கம் விற்கிறவர்களும், அந்தத் தண்ணீருக்கு இன்று உடம்பு எப்படி என்று அறிய முடிவதில்லை. செய்தி மேலிருந்து கீழே மட்டும் போனால் போதாது என்பதும் உண்டு. கண்டிகூடத்தில் நுரை கட்டுவதையும், நீர் செம்புநிறமாவதையும், கொக்கு வராமல் போவதையும் முதலில் பார்ப்பவர் தெப்பக்காரர்தான். அவர் கைபேசியில் சொல்வதை ஒருவர் எழுதிக்கொண்டு, அன்றே ஆள் அனுப்பி மாதிரி எடுக்க வேண்டும். ஊரூர் குப்பத்துக் குறிப்பேடு காட்டிய வழி அது.

தென்மேற்குப் பருவமழை தெலங்கானா ஏரிகளை ஜூலை, ஆகஸ்டில் நிரப்பும். அதையொட்டிக் குஞ்சு விடுவார்கள். மேட்டிலிருந்து முதல் கழுவுநீர் ஏரிக்குள் இறங்குவதும் அந்த வாரங்களில்தான். மிதவைகள் தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டியது அதற்கு முன்னால்.